சிங்கப்பூர்க் கப்பல் பயணம்: ஒன்லைனில் போடுவதா, ஏஜென்டிடம் கொடுப்பதா?

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அண்ணன் ரொறன்ரோவில், அக்கா லண்டனில். அப்பா அம்மாவின் கனடா விசிட் விசா மறுக்கப்பட்டுவிட்டது. அதனால் எல்லோரும் சிங்கப்பூரில் சந்தித்து, அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட் போய் நான்கு இரவில் திரும்பலாம் என்று யோசனை. அப்பாவுக்கு ஒரு கால் ஜெய்ப்பூர் கால், அதாவது செயற்கைக் கால். 2009இல் இறுதி யுத்தத்தின்போது மாத்தளனில் இருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குக் காயத்தோடு போனவர், அம்மாவும் கூடப் போனவர். "ஒன்லைனில் நானே போடுகிறேன், ஏஜென்டுக்கு ஏன் சும்மா காசு" என்கிறார் அண்ணன். "என்னிடம் தாருங்கள், எல்லாம் நான் பார்க்கிறேன்" என்கிறார் கிளிநொச்சி ரிக்கெட் கடைக்காரர். எது மலிவு என்பது கேள்வி.

தங்கச்சி, மலிவு எது என்று கேட்டாலும் உங்கள் பயம் வேறு என்று படுகிறது. இத்தனை பேரும் இத்தனை தூரம் வந்த பிறகு அப்பாவோ அம்மாவோ கப்பலில் ஏற முடியாமல் போனால் யார் பொறுப்பு, யாருக்குப் போன் எடுப்பது? அதற்குத்தான் முக்கியமாகப் பதில் எழுதுகிறேன். நானும் ரிக்கெட் தொழிலில் இருப்பவன், அதை மனதில் வைத்தே வாசியுங்கள். பல வருடமாக ஏ9 வீதியோரம் விமான ரிக்கெட் விற்கிறேன். கப்பல் பதிவு அதில் சின்னப் பங்குதான், அதுவும் பெரும்பாலும் சிங்கப்பூரில் புறப்படுபவை. அலாஸ்கா, கரீபியன் பக்கத்துக் கப்பல்கள் பற்றி என்னை விட ரொறன்ரோவில் இருப்பவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

விலையை முதலில் முடித்துவிடுவோம். ஒரே நாளில், ஒரே நாட்டுக்கான விலையைப் பார்த்தால், கப்பல் கம்பனியின் இணையத்தளம் காட்டுவதும் ஏஜென்ட் சொல்வதும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். ஏஜென்டின் கொமிஷனைக் கொடுப்பது கம்பனி. அடிப்படைக் கட்டணத்தில் 10 முதல் 16 சதவீதம் வரை என்பது பொதுவான வழக்கம், துறைமுகக் கட்டணத்திலும் வரியிலும் அவருக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் நேரடியாகப் போட்டால் அந்தக் கொமிஷன் உங்கள் கைக்கு வராது, கம்பனியிடமே தங்கிவிடும். ஆகவே அண்ணன் சொல்லும் "சும்மா காசு" அவர் பையில் இருந்து போவது குறைவு. வெளிநாட்டுப் பெரிய ஏஜென்டுகள் கபின்களை மொத்தமாகப் பிடித்து வைத்துக் கொஞ்சம் குறைத்துத் தருவதுண்டு, கப்பலில் செலவழிக்க ஒரு தொகையை வரவு வைத்துக் கொடுப்பதும் உண்டு. கிளிநொச்சியில் அதை எதிர்பார்க்காதீர்கள், எங்களுக்கு அந்தளவு வியாபாரம் இல்லை. இங்கே சில கடைகள் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒன்று போடும். போடட்டும். எவ்வளவு என்று முதலே கேட்டு, ரிசீட்டில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை, ஒரு கபினில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஒருவருக்கு உரியது. நீங்கள் தனியாக ஒரு கபின் எடுத்தால் பல கம்பனிகளில் ஏறக்குறைய இரண்டு பேரின் காசைக் கட்ட வேண்டும். அதே கபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் போட்டால் பெரும்பாலும் குறையும், ஆகவே அக்காவோடு சேர்ந்து தங்குவதே உங்களுக்கு இலாபம். இதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் வரும். அமெரிக்கக் கம்பனிகளின் கப்பல்களில் டிப்ஸ் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டொலர். குடும்பம் முழுவதற்கும் நான்கு நாள் கணக்குப் பாருங்கள், சின்னக் காசில்லை. பிறகு விலை இறங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதை உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள். சிங்கப்பூர்ப் பாடசாலை விடுமுறை வரும் ஜூனிலும், நவம்பர் நடுவில் இருந்து டிசம்பர் முடியும் வரையும் விலை ஏறியே இருக்கும் என்பது வரைக்கும் சொல்லலாம். முன்பணம் மட்டும் கட்டிய நிலையில் விலை குறைந்தால், புதிய விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம், பல கம்பனிகள் மாற்றும். முழுப்பணமும் கட்டும் கெடு தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பெரிய கம்பனிகளில் அந்தக் கெடு அநேகமாகப் புறப்படுவதற்கு 75 முதல் 90 நாள் முன்பு.

இனி, உங்கள் விஷயத்தில் விலையை விடப் பெரியது கடவுச்சீட்டு. உங்கள் அண்ணன் கனடாப் பாஸ்போர்ட்டோடு போகிறவர் என்றால் விசா என்ற ஒன்றை யோசிக்காமலே பொத்தானை அழுத்திவிடுவார். அப்பாவும் அம்மாவும் நீங்களும் இலங்கைக் கடவுச்சீட்டு. சிங்கப்பூருக்கு நமக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், ஆனால் அதே தோற்றத்தில் காசு கேட்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு, கவனம். மலேசியாவுக்கு நமக்கு முன்கூட்டியே இ-விசா எடுக்க வேண்டும், பினாங்கு மலேசியாதானே. தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கையரையும் விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் மாறக்கூடியது, ஆகவே பதியும்போது ஒருமுறையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு இன்னொரு முறையும் பாருங்கள். "நாங்கள் பினாங்கில் இறங்கவே மாட்டோம், கப்பலிலேயே இருப்போம்" என்று சொல்லித் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கப்பல் தொடும் எல்லா நாட்டுக்கும் உரிய விசா கையில் இருக்க வேண்டும் என்பதே கம்பனிகளின் வழக்கமான நிபந்தனை. இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள், காசும் திரும்பாது.

இது நடந்த கதை. விசுவமடுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மகன் நோர்வேயில். இணையத்தளத்தில் அவரே எல்லோருக்கும் பதிந்தார். முதல் பயணியின் விபரத்தை நிரப்பியதும் அடுத்தவர்களுக்கும் நாட்டுப் பெயர் தானாகவே நோர்வே என்று விழுந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. தளமும் விசா பற்றி ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை, அதன் கணக்கில் எல்லோரும் நோர்வேக்காரர். மரீனா பே துறைமுகக் கவுண்டரில் தகப்பனார் தன் கடவுச்சீட்டைக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பிள்ளை கவுண்டரில் நின்றபடி எனக்கு வட்ஸ்அப் கோல் எடுத்தார். அந்த நேரத்தில் நான் மட்டுமல்ல, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்றும் கவுண்டர் கப்பல் புறப்பட ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே பூட்டிவிடுவார்கள். பெற்றோரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் எல்லோரும் ஹோட்டலுக்குத் திரும்பினார்கள். ஒரு நல்ல ஏஜென்ட் கடவுச்சீட்டின் படத்தை முதலில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கப்பலைப் பற்றியே பேசுவார்.

பெயரும் அப்படித்தான். நமது கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் ஒரு வரியில், மற்றப் பெயர்கள் இன்னொரு வரியில் இருக்கும். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, பிள்ளைகள் வெளிநாட்டில் பதிந்து வைத்திருப்பது வேறொன்று. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைத்துப் பிறகு பிரதி எடுத்தவர்களிடம் இது இன்னும் அதிகம். அண்ணன் அப்பாவின் பெயரை ஞாபகத்தில் இருந்து தட்டக் கூடாது. கடவுச்சீட்டின் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து தட்ட வேண்டும். கப்பலில் சின்ன எழுத்துப் பிழையைப் பின்னர் திருத்தலாம், அதே பிழை விமான ரிக்கெட்டில் விழுந்தால் செலவு.

இப்படிச் சொல்வதால் கிளிநொச்சிக் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்ல வேண்டும். வன்னியில் இருக்கும் சிறிய ரிக்கெட் கடைகள் பெரும்பாலும் கொழும்பில் ஒரு பெரிய முகவரிடம் வாங்கித்தான் விற்கின்றன. கப்பல் என்றால் அவர் இன்னொருவரிடம் வாங்குவார். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் அது பரந்தன், கொழும்பு, சிங்கப்பூர் என்று மூன்று கை மாறிப் போய், பதிலும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். கபின் மாற்ற வேண்டும் என்றால் அதற்குள் அந்தக் கபின் போய்விடும். இதைவிட முக்கியமான ஒன்று: ஏஜென்ட் மூலம் பதிந்தால் அந்தப் பதிவு அவர் கையில் இருக்கும். நீங்கள் நேரே கம்பனிக்கு எடுத்தால் "உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள்" என்றே சொல்வார்கள். அவர் தொலைபேசி எடுக்காத ஞாயிற்றுக்கிழமையில் உங்களுக்கு வழியில்லை. இரத்துச் செய்தால் கம்பனி பிடிப்பது ஒன்று, ஏஜென்ட் பிடிப்பது இன்னொன்று. ஒன்லைனில் போட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கும் நீங்களே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். பயணங்கள் பல போய்ப் பழகியவர், ஒரே கடவுச்சீட்டு, இரண்டு பேர் என்றால் நானே ஒன்லைனில் போடச் சொல்வேன். காங்கேசன்துறை நாகபட்டினம் படகுக்கு என்னிடம் வருபவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அது பஸ் ரிக்கெட் மாதிரி, விசா மட்டும் சரியென்றால் இடையில் ஒருவர் தேவையில்லை.

காசு கட்டும் வழியையும் பாருங்கள். நம்மிடம் இருக்கும் டெபிட் கார்ட் பல வேளை வெளிநாட்டுத் தளத்தில் வேலை செய்யாது, வங்கியில் சொல்லித் திறக்க வேண்டும். டொலரில் கழியும்போது வங்கி தன் மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும். அண்ணன் அங்கிருந்து உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம், காசு அனுப்பி, நீங்கள் அதைக் கொண்டுபோய் ஏஜென்டின் மேசையில் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். பிரச்சினை வந்தால் காட்ட ஒரு துண்டுகூட இருக்காது. வெளிநாட்டுக்கு அனுப்பும் "ஏஜென்சி" என்ற பெயரில் யார் யாரிடமோ இலட்சக் கணக்கில் கொடுத்துவிட்டு இருந்தவர்கள் நமது ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பயண முகவர் என்றால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருக்க வேண்டும். அதன் இலக்கத்தைக் கேளுங்கள், காசைத் தனிப்பட்ட ஆளின் கணக்குக்குப் போடாமல் கம்பனிக் கணக்குக்கே போடுங்கள். முன்பணம் கட்டியதும் கப்பல் கம்பனி கொடுத்த பதிவு இலக்கத்தை வாங்குங்கள். ஏஜென்டின் சொந்த இலக்கம் இதற்கு உதவாது. அதையும் அப்பாவின் குடும்பப் பெயரையும் கம்பனியின் தளத்தில் போட்டால் கப்பலின் பெயர், திகதி, பயணிகளின் பெயர்கள் எல்லாம் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே விசாரியுங்கள்.

கம்பனியே விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் வெறும் பயமல்ல. ஸ்டார் குரூஸ், டிரீம் குரூஸ் நடத்திய கெந்திங் ஹொங்கொங் 2022 ஜனவரியில் கலைக்கப்படும் நிலைக்குப் போனது. இன்று சிங்கப்பூரில் ஓடும் கெந்திங் டிரீம் அவர்களுடைய பழைய கப்பல்தான், அதே ஆண்டு ஜூனில் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூஸ் என்ற புதிய பெயரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இப்படி நடந்தால் கட்டியவரின் நாட்டுச் சட்டம்தான் கைகொடுக்கும். ஒன்ராறியோவில் பதிவு பெற்ற பயண முகவரிடம் வாங்கினால் அங்கே டிகோ என்ற அமைப்பின் இழப்பீட்டு நிதி இருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் நேரே வாங்கினால் அது கிடையாது. லண்டனில் அக்கா தன் கிரெடிட் கார்டில் கட்டினால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான பொருளுக்கும் சேவைக்கும் வங்கியும் பொறுப்பு. இடையில் ஏஜென்ட் வந்தால் அந்தப் பாதுகாப்பு சில வேளை அறுந்துபோகும், ஆகவே கட்டுவதற்கு முன்பு வங்கியிடம் கேட்க வேண்டும். இங்கே கிளிநொச்சியில் காசாகக் கட்டுபவருக்கு இப்படி ஒன்றும் இல்லை.

அப்பாவின் கால் பற்றி. ஜெய்ப்பூர் காலோடு நன்றாக நடப்பவர் என்றாலும் கப்பலில் தூரம் அதிகம். கபினில் இருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கே நீண்ட நடைபாதை. சக்கர நாற்காலி சில வேளையாவது தேவைப்படும் என்றால் அதைப் பதியும்போதே சொல்ல வேண்டும். சாதாரணக் கபினின் கதவு ஒடுக்கம், குளியலறை வாசலில் படி இருக்கும், இரவில் காலைக் கழற்றி வைத்த பிறகு அது அவருக்குப் பெரிய சிரமம். வசதியான கபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான், அதற்கு ஒரு படிவமும் கேட்பார்கள். ஒன்லைனில் இதைச் சரியாகச் செய்வது கடினம், யாராவது ஆளோடு பேசித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, சில துறைமுகங்களில் பெரிய கப்பல் கரையில் கட்டாது, சின்னப் படகில் இறக்கிக் கொண்டுபோவார்கள். புக்கெட்டில் அப்படி நடப்பதுண்டு. கடல் கொஞ்சம் ஆடினாலும் அவரை அந்தப் படகில் இறக்கமாட்டார்கள். அன்று ஒருவர் அவரோடு கப்பலில் நிற்கும்படி முதலே பேசி வையுங்கள், அங்கே போய் மனவருத்தம் வேண்டாம்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஜன்னல் இல்லாத உள் கபின் வேண்டாம். விலை குறைவு என்று அண்ணன் அதைத்தான் முதலில் காட்டுவார். 2009இல் அந்தக் கப்பலில் போன சிலரைப் பின்னர் விமானத்தில், படகில் அனுப்பிய பழக்கத்தில் சொல்கிறேன், அடைத்த இடமும் இயந்திரச் சத்தமும் அவர்களுக்கு ஒத்துவருவதில்லை. எல்லோருக்கும் அப்படி என்று சொல்லமாட்டேன், சிலர் தளத்தில் நின்று சந்தோஷமாகப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அம்மாவையே கேளுங்கள். பல்கனியோ ஜன்னலோ உள்ள கபினை, கப்பலின் நடுப்பகுதியில், கபின் இலக்கத்தோடு எடுங்கள். "இலக்கம் பிறகு தருவோம்" என்று மலிவாக விற்கும் கபின்களில், எந்த மூலையில் விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

உங்கள் இடத்தில் நான் என்றால் வேலையை இரண்டாகப் பிரிப்பேன். கப்பலை ரொறன்ரோவில் பதிவு பெற்ற, கப்பல் பயணமே விற்கும் ஒரு ஏஜென்ட் மூலம் அண்ணன் எடுக்கட்டும். விலை ஒன்றுதான், பாதுகாப்பு உண்டு, அப்பாவின் கபினுக்கு வாதாட ஒரு ஆள் இருப்பார். எல்லாக் கபின்களையும் ஒரே பதிவாகவோ, ஒன்றோடொன்று இணைத்தோ போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசை வேறு வேறாகப் போகும். உங்கள் மூன்று பேரின் விமான ரிக்கெட், மலேசிய இ-விசா, காப்புறுதி ஆகியவற்றை இங்கே, கடவுச்சீட்டைக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். காப்புறுதியில் அப்பாவின் பழைய காயத்தையும் அம்மாவின் பிரஷர், சீனியையும் மறைக்காமல் எழுதுங்கள், கப்பல் வைத்தியரின் கட்டணம் டொலரில் வரும். இரண்டு ஏஜென்டுகளையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் திகதி குழம்பாது.

கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே சிங்கப்பூரில் இருங்கள். கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்கவுக்கு இரவு பஸ்ஸில் இருந்து இறங்கி நேரே விமானம் ஏறி, இறங்கியதும் கப்பல் என்று திட்டம் போடாதீர்கள், அப்பாவால் முடியாது. இப்போதைக்கு மூன்று கடவுச்சீட்டையும் எடுத்துக் காலாவதித் திகதியைப் பாருங்கள். பயணம் முடியும் நாளில் இருந்து ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் புதுப்பித்த பிறகுதான் முன்பணம், ஏனென்றால் புதிய இலக்கத்தில்தான் இ-விசா வரும். அண்ணன் பார்த்து வைத்திருக்கும் கப்பலின் பெயரையும் அது தொடும் துறைமுகங்களையும் கீழே எழுதுங்கள், எந்த விசா வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். கடவுச்சீட்டுப் படத்தை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.